தண்ணி மாறின ஜுரம்

1

அக்டோபர் பிறந்ததும் எங்கள் மருந்துக்கடை வாசலில் ஒரு பலகை ஏறிவிடும். ஃப்ளூ தடுப்பூசி இங்கே போடப்படும் என்று இரண்டு மொழிகளில் எழுதியிருக்கும். இரண்டிலும் தமிழ் கிடையாது. இது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு நடுத்தர ஊர். நான் ஊசி போடுகிறவன் இல்லை. வருகிறவர்களுக்குப் படிவம் கொடுத்து, பெயரைக் கணினியில் ஏற்றி, போட்டு முடிந்ததும் பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்காருங்கள் என்று சொல்கிறவன். பதினோரு வருஷமாக இதே கவுன்டர்தான்.

படிவத்தில் முதல் கேள்வி: இன்று உங்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். வருகிறவர்கள் யோசிக்காமல் ஒன்றில் டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு மட்டும் போன தை மாதத்திலிருந்து அந்தக் கட்டங்களைக் கண்டால் படிவத்தைத் திருப்பி வைக்கத் தோன்றுகிறது.

போன சனிக்கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள். ஏழாம் மாதம் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பெண். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தமிழிலேயே கேட்டாள்.

"அண்ணை, இந்த ஊசி போட்டா பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ?"

அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. மருந்தாளர் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாக ஆகலாம். எந்த மாதத்திலும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஊசி போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் பிறக்கிற குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் அந்தக் காவல் உண்டு. இதுவரை நன்றாகச் சொன்னேன். அடுத்ததாக, கவனிக்காமல் விட்டால் நுரையீரலுக்கு இறங்கிவிடும் என்று சொல்ல வேண்டும். நுரையீரல் என்ற சொல் வாயில் வரவில்லை. "லங்ஸ்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

இத்தனை வருஷத்தில் தமிழ் மறந்துவிட்டது போல, பாவம், என்று அவள் நினைத்திருப்பாள். மறக்கவெல்லாம் இல்லை. அந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டது திருவண்ணாமலையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். அதைக் கேட்டுக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

2

எனக்கு ஒரே அக்கா. எங்கள் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி, புது மனைகளில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகள் சங்கீதா. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டில் மல்லாட்டை வியாபாரம். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாப்பிள்ளை சாது. வீட்டையும் கடையையும் நடத்துவது அவருடைய அம்மா. சம்பந்தியம்மா பேசினால் கடையில் தராசே கொஞ்சம் அடங்கி நிற்கும்.

சங்கீதாவுக்கு ஏழாம் மாதம், தையில் வளைகாப்பு வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் வீட்டு வளையல்தான் முதலில் ஏறும். மாமன் மனைவி போடுவாள். அவள் இல்லையென்றால் மாமனே போட வேண்டும். என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. நான்கு மாதம் முன்னால் விண்ணப்பித்து, மேலாளர் கையெழுத்து வாங்கி, எனக்குப் பதிலாக நிற்க ஆள் எழுதிக்கொடுத்து, மூன்று வாரம் வாங்கினேன். தேதியை மாற்றினால் மொத்தமும் போய்விடும்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் என் மகள் மித்ராவுக்குக் காய்ச்சல். பதிமூன்று வயது. டாக்டர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இன்ஃப்ளூயன்ஸா என்று சொல்லிவிட்டார். அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டைக்கூட வாசலில் வைக்கச் சொன்னாள். பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான்தான் பெரிய அப்பாவாக உள்ளே போய்த் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் நான் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஊசி போடும் இடத்திலேயே நிற்கிறோம், எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று நாளை நாளை என்று தள்ளினேன். எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்து ஒருமுறைகூட கிரிவலம் போகாதவர்கள் இருக்கிறார்கள் தெரியுமா? மலை எங்கே போய்விடப்போகிறது என்பார்கள். அந்தக் கதைதான்.

விமானம் ஏறி ஐந்து மணி நேரத்தில் உடம்பு முறுக்க ஆரம்பித்தது. கண் எரிச்சல், முதுகுவலி, குளிர். இது சாதாரணச் சளி இல்லை என்று எனக்குத் தெரியும். சளி மெதுவாக வரும். ஃப்ளூ வந்தால் ஆளை அடித்துப் போட்ட மாதிரி ஒரே நேரத்தில் வரும். இதை வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். பாராசிட்டமால் இரண்டு விழுங்கினேன். சென்னையில் யாராவது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களோ என்று பயந்து, இறங்கும் முன் இன்னும் ஒன்று போட்டுக்கொண்டேன். ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, போ என்று அனுப்பிவிட்டார்கள்.

3

வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து சேர்ந்து, அக்கா என் கையைப் பிடித்ததும் சட்டென்று விட்டாள்.

"இன்னாடா, கை இப்படிக் கொதிக்குது?"

"பிளேன்ல ஏசி ஜாஸ்திக்கா."

"ஏசியும் இல்ல, கீசியும் இல்ல. தண்ணி மாறிப்போச்சு. எப்ப வந்தாலும் உனக்கு இதே கததான?"

அந்த ஊர்த் தண்ணியை நான் அப்போது ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. விமானத்திலேயே வந்த ஜுரம். ஆனால் அக்கா சொன்ன அந்த வாக்கியம் எவ்வளவு வசதியாக இருந்தது! வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு எது வந்தாலும் நம் ஆட்கள் சொல்வது இதுதான். தலைவலியா, தண்ணி மாறிப்போச்சு. வயிற்றுப்போக்கா, தண்ணி மாறிப்போச்சு. இருமலா, அதுவும் தண்ணிதான். அதில் ஒரு செல்லம்கூட உண்டு: நம்ம புள்ள நம்ம தண்ணிக்கே விருந்தாளி ஆயிட்டானே என்று.

தண்ணி மாறின ஜுரம் யாருக்கும் ஒட்டாது. ஒட்டாத ஜுரம் வந்தவனை யாரும் தள்ளி உட்காரச் சொல்ல மாட்டார்கள். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாக்கா, தண்ணிதான்," என்றேன்.

4

நான் வந்த நாளுக்கும் வளைகாப்புக்கும் நடுவில் ஒரு நாள் இருந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது. வேங்கிக்காலில் வாங்கினால் மருந்துக்கடைக்காரர் அக்காவிடம் விசாரிப்பார். அதனால் ஷேர் ஆட்டோ பிடித்து, ஊரின் மறுபக்கம், செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் போனேன். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. திருட்டுத்தனம் செய்கிறவன் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். வாசலுக்கு வெளியே, வெயிலில், ஒரு வெள்ளைக்காரர் முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியாக நின்றார். வேட்டி கட்டியிருந்தார். கடைக்காரர் உள்ளே வரச் சொன்னதற்கு, தனக்குச் சளி இருக்கிறது, இங்கேயே நிற்கிறேன் என்று கையால் சைகை காட்டினார். என் பக்கத்தில் நின்றவர் சிரித்தார்.

"சளி பிடிச்சதுக்கு இன்னா பந்தா பண்றாரு பாரு. சாவு வந்த மாதிரி."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என் பையில் நான்கு முகக்கவசம் இருந்தது. கடையில் வேலை செய்யும்போது நாள் பூராவும் போட்டுக்கொள்கிறவன் நான். அன்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஜுரத்தோடு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நின்றேன். வெளியே நின்ற மனிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

5

கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். சங்கீதா பச்சைப் பட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"மாமா! இளைச்சுட்டீங்க."

"உக்காரும்மா, உக்காரு. நீ எழுந்தா அப்புறம் உன்னோட சேர்ந்து நாற்காலியும் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். காலையில் போட்ட மாத்திரையில் ஜுரம் அடங்கியிருந்தது. ஜுரம்தான் அடங்கும், கிருமி அடங்காது. அதுவும் எனக்குத் தெரியும். வாசலில் நின்றபோது பையிலிருந்த முகக்கவசத்தை விரலால் தடவிப் பார்த்தேன். போட்டோகிராபர், "தாய்மாமன் முன்னாடி வாங்க சார், முகம் நல்லாத் தெரியணும்" என்றார். விரலை எடுத்துவிட்டேன்.

இரண்டு கையிலும் சந்தனம் எடுத்து அவள் கன்னங்களில் பூசினேன். குங்குமம் வைத்தேன். வளையல் ஏறவில்லை, கை வீங்கியிருந்தது. குனிந்து, மூச்சுப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினேன். அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். புளிச்சோறு ஒரு வாய் ஊட்டச் சொன்னார்கள். ஊட்டும்போது இருமல் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பி உள்ளங்கையில் இருமினேன். பிறகு அதே கையால் இன்னொரு வாய் ஊட்டினேன்.

"இருமலா தம்பி?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"தண்ணி மாறிப்போச்சு சம்பந்தி அவனுக்கு," என்று அக்கா எனக்காகப் பதில் சொன்னாள்.

6

வளைகாப்பு முடிந்ததும் வழக்கப்படி சங்கீதாவை வேங்கிக்காலுக்கு அழைத்து வந்தோம். நானும் அதே வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஒரே கூடத்தில் டிவி பார்த்தோம். பனிக்காகச் சன்னல்களைச் சாத்தி வைத்திருந்தாள் அக்கா. 'தைப் பனி தரையைத் துளைக்கும்' என்பது பழமொழி.

வெள்ளிக்கிழமை காலை அக்கா மகளுக்கு வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். சந்தனமும் மஞ்சளும் தலையெல்லாம் ஒட்டியிருந்தது, வெள்ளிக்கிழமையும் கூட. அன்று சாயங்காலம் சங்கீதாவுக்கு உடம்பு வலி. இருட்டுவதற்குள் நல்ல ஜுரம்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தப் பனியில தலைக்கு ஊத்திட்டேனே! எனக்கு அறிவு இருக்குதா?"

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் ஃப்ளூ வராது. அது ஒருவர் இருமலிலிருந்து, தும்மலிலிருந்து, அவர் கை பட்டதிலிருந்து மற்றவருக்குப் போகிற கிருமி. அதற்கென்று மருந்து இருக்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். கர்ப்பிணியாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் டாக்டர்கள் கொடுத்துவிடுவார்கள். அந்த மருந்தை நான் கவுன்டரில் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! "அக்கா, இவளுக்கு ஃப்ளூவா இருக்கும், எங்கிட்டயிருந்து வந்திருக்கும், உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

நான் சொன்னது: "சீசன் ஜுரமா இருக்கும்க்கா. பௌர்ணமிக்கு வந்த கூட்டத்துல ஒட்டியிருக்கும்."

மலையைச் சுற்றிவந்த அத்தனை பேர் மேலும் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து காபி குடித்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மாத்திரை ஆகாது என்று அக்கா மிளகுக் கஷாயமும் நெற்றியில் பற்றுமாகச் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஓட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னால், தெரிந்தே வந்தேன், தெரிந்தே சந்தனம் பூசினேன் என்பதும் சேர்ந்து வெளியே வரும். என் மானத்தைக் காப்பாற்ற அந்த இரண்டு நாளையும் தின்றேன்.

7

திங்கட்கிழமை அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் ஆக்சிஜன் வைத்தார்கள். வராந்தாவில் டாக்டர் வந்து, நுரையீரலுக்கு இறங்கியிருக்கிறது, நிமோனியா என்றார். பிறகு கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது ஜுரம் இருந்துச்சாம்மா? வெளியூர்லருந்து யாராவது வந்தாங்களா?"

"என் தம்பி வந்திருக்கான் சார். ஒரு ரெண்டு நாள் உடம்பு காஞ்சுது. அது தண்ணி ஒத்துக்காம வந்தது."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படிங்களா சார்?"

"ஆமா சார்," என்றேன்.

அவர் என்னை நம்பினாரா தெரியவில்லை. அன்றே ஃப்ளூ மருந்தை ஆரம்பித்துவிட்டார். மறுநாள் பரிசோதனையிலும் அதுவே என்று வந்தது. ஆனால் பயன்பட வேண்டிய முதல் இரண்டு நாள் போய்விட்டிருந்தது.

ஐந்தாம் நாள், எட்டாம் மாதத்துக்குள் கால் வைத்த நிலையில், குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆண் குழந்தை. ஒரு முழம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று பார்க்க வந்த ஒருத்தி சங்கீதா காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள்.

சம்பந்தியம்மா ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை. எல்லோர் முன்னாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான இருந்தா? கூட்டிட்டுப் போய் ரெண்டாம் நாளே பனியில தலைக்கு ஊத்துவீங்களா? பெத்தவதானா நீங்க?"

"டாக்டர் ஏதோ கிருமின்னு..."

"கிருமி ஊரெல்லாந்தான் இருக்கு. தலைக்கு ஊத்துனதாலதான அது உள்ள எறங்குச்சு?"

அக்காவே அதை நம்பினாள். சுவர்ப் பக்கம் திரும்பி அங்கிருந்த சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தேன்.

என் லீவு முடிந்த அன்று சங்கீதாவை ஆக்சிஜனிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழந்தை இன்னும் பெட்டியில். நான் விமானம் ஏறிவிட்டேன்.

8

இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் ஊரில் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் வீட்டிலாவது உதவட்டும் என்று சொல்கிறேன். சீசன் ஜுரம்தானே என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அது சில சமயம் இந்த ஃப்ளூவாகவும் இருக்கும். ஜுரம் தெரிவதற்கு முதல் நாளே அது அடுத்தவருக்குப் போக ஆரம்பித்துவிடும். பிறகும் நாலைந்து நாள், ஒரு வாரம்கூடப் போகும். மாத்திரை போட்டு ஜுரம் இறங்கினால் நல்லாயிட்டோம் என்று அர்த்தமில்லை. மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் ஜுரம் வராமல் இருந்தால்தான் வெளியே கிளம்பலாம். அப்போதும் சில நாள் முகத்தை மூடிக்கொள்வது மரியாதை. இருமினால் முழங்கை மடிப்பில் இருமுங்கள், உள்ளங்கையில் வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், பனியாவது கினியாவது. ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கடையில் தானாகக் கேட்டு வாங்காதீர்கள்.

தடுப்பூசி வருஷா வருஷம் போட வேண்டும். கிருமி சட்டையை மாற்றிக்கொண்டே வரும், ஊசியும் அதற்குத் தக்கபடி மாறும். போட்டதும் கை வலிக்கும். ஆனால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது. காவல் வர இரண்டு வாரம் ஆகும். போட்டவனுக்கும் சிலசமயம் வரும், ஆனால் அடி பெரும்பாலும் கம்மியாக இருக்கும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா இருக்கிறவர்கள் இருக்கும் வீட்டில் டாக்டரைக் கேட்டு எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது. மூச்சு வாங்கினால் கஷாயத்தை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எல்லாம் எனக்கு அப்போதும் மனப்பாடம்தான். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

9

எட்டு மாதம் ஓடிவிட்டது. குழந்தை தேறிவிட்டான், கன்னம் வைத்துவிட்டது. ஆனால் இரண்டு வீடும் உடைந்து கிடக்கிறது. சங்கீதா கீழ்பென்னாத்தூர் திரும்பியதிலிருந்து அக்கா அங்கே போகவில்லை. பேரனைப் போனில்தான் பார்க்கிறாள். அடுத்த மாதம் அவனுக்குக் காது குத்து. போகிறாயா என்று கேட்டதற்கு அக்கா சொன்னாள்:

"கூப்பிட்டாங்க. கூப்பிட்ட மாதிரி கூப்பிடல. நான் போய் இன்னா பண்ணப் போறேன்? குழந்தையத் தூக்குனா எல்லாரும் என் கையத்தான் பார்ப்பாங்க. அன்னிக்கு ஊத்துன சொம்பக்கூட தூக்கிப் போட்டுட்டேன்டா."

அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாணத்துப் பெண் போன பிறகு வீட்டுக்கு வந்தால், மித்ரா வளைகாப்பு வீடியோவைப் பெரிய டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊரில் இருக்கும் எல்லோரும் கசின்தான். சங்கீதாவை அண்ணி என்று கூப்பிட வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கசின்.

"அப்பா, அந்தத் தட்டெல்லாம் என்ன?"

"சீர். தாய்மாமன் கொண்டு போறது."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள்: "ஃப்ளூவும் நீங்கதானே கொண்டு போனீங்க? எனக்கு வந்து, அப்புறம் உங்களுக்கு. அத்தைக்கு அது தெரியுமா?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் மகள் என்னிடமிருந்து விலகிப்போகிறாள், மொழி போய்விட்டது, உறவுமுறை போய்விட்டது என்று இந்தப் பத்திரிகையின் இதே பகுதியில் முன்பு பக்கம் பக்கமாக அழுதிருக்கிறேன். காய்ச்சல் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் பிள்ளையிடம், தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

10

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம்.

"அக்கா, சங்கீதாவுக்கு ஜுரம் வந்தது உன்னால இல்ல. என்னால."

"இன்னா உளர்ற?"

சொன்னேன். மித்ராவுக்கு வந்ததிலிருந்து, விமானம், மாத்திரை, செங்கம் ரோடு, எல்லாம். முடித்த பிறகு அக்கா கேட்டாள்.

"டாக்டர் கேட்டாரே. அப்பவும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் சாமிகிட்ட கன்னத்துல போட்டுக்கிட்டு அழுதேனே. அப்ப?"

"தெரியும்."

"போன வை."

மறுநாள் அதே நேரம், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வீடியோவில் அழைப்பு வந்தது. திரையில் அக்கா. அவளுக்குப் பின்னால் கீழ்பென்னாத்தூர் வீட்டு வாசல். பஸ் பிடித்துப் போயிருக்கிறாள். போனை அப்படியே திருப்பி சம்பந்தியம்மா முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சொல்லுடா. நேத்து எங்கிட்ட சொன்னத இவங்ககிட்ட சொல்லு."

சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது. சம்பந்தியம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"உங்க அக்காவ நான் இன்னா இன்னா பேசுனேன். நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமாங்க."

"டீகூட வாங்கியாந்து குடுத்தீங்க."

"ஆமாங்க."

"அந்த டீய நானும் குடிச்சேன்," என்றார். பிறகு போனைப் பார்க்காமல், "சம்பந்தி, வாசல்ல நிக்காதீங்க. உள்ள வாங்க. வாங்கன்றேன்ல?"

போனை எதன் மேலோ வைத்துவிட்டார்கள். எனக்கு மின்விசிறி மட்டும் தெரிந்தது. அக்கா அழுவது கேட்டது, சம்பந்தியம்மா ஏதோ சொல்வது கேட்டது, குழந்தை கத்துவது கேட்டது. போனை வைத்துவிட மனம் வரவில்லை. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சங்கீதா போனை எடுத்தாள். முகம் சிவந்திருந்தது. வணக்கம் சொல்லவில்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

"பையனுக்கு ஆறு மாசம் முடிஞ்சதும் ஃப்ளூ ஊசி போட்டாச்சு மாமா. டாக்டர் சொன்னாங்க. எங்க வீட்லயும் எல்லாரும் போட்டுக்கிட்டோம்."

"நல்லதும்மா."

"காது குத்துக்கு வரீங்களா?"

"வரச் சொன்னா வரேன்."

"இந்த வருஷம் நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேம்மா. சனிக்கிழமை."

"நிஜமாவா மாமா?"

அவள் பிறந்ததிலிருந்து என்னை 'நிஜமாவா' என்று கேட்டது அன்றுதான். பாக்கெட்டைத் துழாவினேன். அந்த யாழ்ப்பாணத்துப் பெண் எழுந்துபோன நாற்காலியில் நானே உட்கார்ந்து போட்டுக்கொண்டதற்குக் கொடுத்த சீட்டு, மடிந்து கசங்கி இருந்தது. நீவிவிட்டு கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். ஐம்பதை எட்டப்போகிற தாய்மாமன், பள்ளிக்கூடத்துக்கு வராததற்குக் காரணச் சீட்டு நீட்டுகிற பையனைப் போல நின்றேன்.

சங்கீதா திரைக்குக் கிட்டே வந்தாள். என் பெயரைப் படித்தாள். கீழே இருந்த தேதியையும் படித்தாள். அதற்குப் பிறகுதான் போனைத் திருப்பிக் குழந்தையைக் காட்டினாள்.